நன்றாகத் தூங்குகிறவள்

சலைன் இறங்கி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், வேறு வேலை ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்த பிறகு அந்த வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. வேறு வேலை ஒன்றும் இல்லை. இதை என் வாழ்க்கையில் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் வார்டு முழுக்க பாட்டில்கள் தொங்கும். ஒன்றை மாற்றிவிட்டுத் திரும்பினால் அடுத்தது காலியாகி, கூட இருப்பவர்கள் "சிஸ்டர், சிஸ்டர், ரத்தம் மேல ஏறுது" என்று கத்துவார்கள். சொட்டு எப்படி விழுகிறது என்று நின்று பார்த்ததே கிடையாது. இங்கே ஒரே கட்டில், ஒரே பாட்டில், ஒரே ஆள். சொட்டு முதலில் குழாயின் நுனியில் ஒரு பாசிமணி மாதிரி திரள்கிறது, விழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசிக்கிறது, அப்புறம் விழுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. கட்டிலில் கிடக்கிறவன் பெயர் பல்ஜீத். அரியானாக்காரன். கட்டிலைவிட நீளம், பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய்க் கிணற்று ரிக்கில் குழாய் மாட்டுகிற வேலை. காலையில் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டான் என்று நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள், போடும்போது ஒருவன் காலையும் இன்னொருவன் தன் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நின்றான். பிரஷர் இறங்கிக் கிடந்தது, உடம்பு தோசைக்கல் மாதிரி. ஜோத்பூரில் இருக்கிற டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவர் சொன்னபடி ஈரத்துணி சுற்றி, ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டேன். ஊசியைப் பார்த்ததும் அவ்வளவு பெரிய மனுஷன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இப்போது மூச்சு சீராகிவிட்டது. வெளியே மே மாதத்து ராஜஸ்தான் பாலைவனம் வெள்ளையாகக் காய்கிறது. சன்னல் வழியாகத் தெரிவதெல்லாம் வரிசையாக நிற்கும் தகர அறைகள், அதற்கப்பால் மணல், அதற்கப்பால் எண்ணெய் தோண்டும் இரும்புக் கோபுரம். அதற்கப்பால் ஒன்றும் இல்லை. ஒரு மாசம் இங்கே, ஒரு மாசம் வீட்டில். அதுதான் இந்த வேலையின் கணக்கு. நான் வந்த முதல் மாசம் இது.

எல்லோரும் அழுவாய் என்றார்கள். அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. கிளம்புகிறதுக்கு முன்னால் ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும், முதல் மாசம் அழுதுகொண்டேதான் இருப்பாய் எப்சி, அப்புறம் பழகிவிடும் என்று தைரியம் சொன்னார்கள். நானும் அழத் தயாராகத்தான் வந்தேன். பையில் துண்டு கூட ஒன்று அதிகமாக வைத்திருந்தேன், ஒன்றுக்கும் ஆகவில்லை, அதைத்தான் இப்போது நனைத்து இவன் நெற்றியில் போட்டிருக்கிறேன். வந்த அன்றைக்குக் கேம்ப் மேனேஜர் சாவியைக் கொடுத்து ஒரு அறையைக் காட்டினார். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு கெட்டில். பக்கத்து அறையில் இன்னொரு பெண் இருக்கிறாளாம், மண்ணை ஆராய்கிறவள், அவளுக்கு ராத்திரி ஷிஃப்ட் என்பதால் நான் இதுவரை அவளுடைய செருப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மெஸ்ஸில் போட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு வந்து, கதவைச் சாத்தி, இப்போது அழுகை வரும் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் விடிந்திருந்தது. சேலைகூட மாற்றவில்லை. எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை, யார் என்றுகூட ஒரு விநாடி தெரியவில்லை, அப்படி ஒரு தூக்கம். பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன், யாருக்காவது மருந்து கொடுக்க மறந்துவிட்டேனோ, மகள் ரூபிக்கு டிபன் கட்டவில்லையோ என்று. ஒன்றும் இல்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். இப்போது சாப்பிடும்போதே மனசு அந்தக் கட்டிலுக்குப் போகிறது. தலையணையில் முகத்தை வைக்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பாருங்கள், சின்னப் பிள்ளைக்குப் பண்டிகைச் சட்டை போடுகிற மாதிரி, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. தாலி கட்டினவனையும் பெற்ற பிள்ளையையும் அவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு வந்த ஒருத்தி இப்படியா தூங்குவாள்? என் நாத்தனார் கிரேஸ் மதினி ரயில் நிலையத்தில் சொன்னாள், அவள் சொல்வதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வாள், "எம்மாடி, கண்ணுல ஒரு சொட்டு வரலயே, உனக்கு கல்நெஞ்சுட்டி" என்று. அப்போது நான் ரூபியின் பாவாடை நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். கைவேலை இருந்தால் எனக்கு அழுகை வராது, எப்போதுமே அப்படித்தான். ஆனால் இங்கே கைவேலையும் இல்லையே. சொட்டு திரள்கிறது. யோசிக்கிறது. விழுகிறது.

நேற்று கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மங்கிவிட்டது. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருக்கிறது, மெஸ்ஸில் காலையில் முட்டை போடுகிறார்கள், நான் யாருக்கும் பரிமாறாமல் உட்கார்ந்து சூடாகத் தின்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் வீடியோ போனில் என் வீட்டுக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "மூஞ்சி தெளிஞ்சிருக்கே" என்றார். எனக்குத் திருடும்போது பிடிபட்ட மாதிரி ஆகிவிட்டது. "இங்க லைட்டு அப்படி" என்றேன். அன்றிலிருந்து வீட்டுக்குப் பேசும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுகிறேன். இருட்டில் என் முகம் பழைய மாதிரி களைத்துத் தெரியும். போன திங்கட்கிழமை பேசுவதற்கு முன்னால் தலையைக் கொஞ்சம் கலைத்துக்கூட விட்டுக்கொண்டேன். முப்பத்தெட்டு வயசில் இந்தக் கூத்து. அவர் பாவம், "கரண்ட் இல்லையாட்டி அங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னால் ஏசி ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்காதா? கேட்டிருக்கும். தனசிங் அப்படித்தான், கேட்டாலும் கேட்கவில்லை என்று இருந்துவிடுவார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களுக்கே அந்தக் குணம் வந்துவிடும்போல. பின்னால் இருபது பிள்ளைகள் கத்தினாலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். ஆனால் எந்தப் பிள்ளை அன்றைக்குக் கத்தவில்லை என்று மட்டும் கண்டுபிடித்துவிடுவார். "அந்தச் சின்னவன் இன்னைக்கு பேசவே இல்ல, வீட்டுல என்னமோ" என்று சாப்பிடும்போது சொல்வார். அப்படிப்பட்ட மனுஷனிடம் லைட்டை அணைத்து ஏமாற்றுகிறேன்.

"சிஸ்டர்ஜி" என்றான் பல்ஜீத். கண்ணைத் திறந்திருந்தான். குரல் சாக்குக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் எழுந்து நாடி பார்த்தேன், பரவாயில்லை. இப்போது கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். என் இந்தி சீரியல் பார்த்துப் படித்தது. மாமியாரும் மருமகளும் சண்டை போடுவதற்குத் தோதான வார்த்தைகள்தான் அதில் அதிகம், மூத்திரம் போனாயா, அது என்ன நிறம் என்று எந்தச் சீரியலிலும் யாரும் கேட்டதில்லை. தட்டுத் தடுமாறி, ஒன்றுக்கு, நிறம், மஞ்சளா, டீயா என்று கேட்டேன். அவன் காது சிவந்துவிட்டது. ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "டீ" என்றான். "பால் போட்டதா, கட்டாங்காப்பியா?" என்று கேட்டேன், கேட்ட பிறகுதான் எப்படிக் கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது, அவனுக்கும் உறைத்தது, அவன் வயிறு குலுங்கிச் சிரித்ததில் கட்டில் ஆடி டியூப் ஆடியது. சிரிப்பு நல்லது, தேறிவிடுவான். உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தேன். குடித்துவிட்டு, தானும் புதுசுதான் என்றான், இதற்கு முன்னால் அவன் ஊர்ப் பக்கத்து ஃபேக்டரியில், சாயங்காலமானால் வீட்டுக்குப் போய்விடுகிற வேலை. வெயில் எனக்குப் பழக்கம், கோதுமை அறுக்கிறவன் நான், எனக்கு இப்படி ஆனதே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். விழுந்ததைவிட நாலு பேர் தூக்கி வந்ததுதான் அவனுக்கு வலி. அப்புறம் கேட்டான், எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று. ஒரு மகள், ஆறு வயசு என்றேன். "உங்களைக் கேட்டு அழலையா?" என்றான். இல்லை என்றேன். "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நல்லதாகத்தான் சொன்னான். ஆனால் அவன் கண்ணை மூடின பிறகு அது அறைக்குள்ளேயே நின்றது.

நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறாள், அதுதான் சரியில்லை. ரூபி என்ன பிள்ளை! வீட்டில் நான் குளிக்கப் போனால் கதவை உதைப்பாள். தலைசீவும்போது அலறுகிற அலறலில் பக்கத்து வீட்டு ஆச்சி ஓடி வருவாள். இட்லி வேண்டாம் என்றால் தட்டைத் தள்ளுகிற தள்ளில் இட்லி வாசல் வரைக்கும் உருளும். அப்படிப்பட்டவள் நேற்று போனில் வந்து, பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்கிற மாதிரி நேராக நின்றுகொண்டு, "நல்லா இருக்கீங்களாம்மா? சாப்ட்டீங்களாம்மா? வேலையெல்லாம் நல்லா போவுதாம்மா?" என்று கேட்டாள். இருக்கீங்களா. சாப்ட்டீங்களா. பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று சொல்லி வளர்ந்தவள். "நல்லா இருக்கேன் மக்கா, நீங்க நல்லா இருக்கீங்களா" என்று நானும் சொல்லிவிட்டேன். என் வாயிலும் அந்த மரியாதை வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பிஸ்கட் டப்பா கொடுத்துவிட்டுப் போகிற சொந்தக்காரர்களிடம் பிள்ளைகள் இப்படித்தான் பேசும். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். கொஞ்ச நாளைக்குள் நான் அப்படி ஆகிவிட்டேனா? அதற்குள்ளேயா? ஒரு மாசம் இங்கே ஒரு மாசம் அங்கே என்று போனால், பாதித் தாயாகத்தான் ஆவேன் என்று தெரியும், அதற்குத் தயாராக இருந்தேன். ஆனால் விருந்தாளியாக ஆவேன் என்று நினைக்கவில்லை. அவரைக் கேட்டால், எல்லாம் நல்லா போவுது, நீ ஒண்ணும் நினைச்சுக்காத என்கிறார். தலை யார் சீவுகிறது? நான்தான். சாப்பாடு? நான்தான். ராத்திரி அழுகிறாளா? அதெல்லாம் இல்ல. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரியிடம் சொல்கிற மாதிரி சொல்கிறார். நல்லாப் போகிறதென்றால் சந்தோஷம்தானே படவேண்டும்? நான் இல்லாமல் அடுப்பு எரியாது, நான் இல்லாமல் பிள்ளை தூங்காது, நான் ஒருத்தி கழன்றால் அந்த வீடே நின்றுபோகும் என்று நினைத்துக்கொண்டுதானே இவ்வளவு வருஷமும் ஓடினேன். அங்கே நான் இல்லாமல் நல்லாப் போகிறது. இங்கே அவர்கள் இல்லாமல் நான் நன்றாகத் தூங்குகிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன வருகிறது? அந்த இடத்துக்கு வந்ததும் மனசு எருமைமாடு மாதிரி நின்றுவிடுகிறது. இழுத்தாலும் நகர மாட்டேன் என்கிறது. அதைத் தாண்டி நினைக்கப் பயமாக இருக்கிறது. சொட்டு. சொட்டு. பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது. இவன் கை குளிருமே என்று போர்வையை மேலே இழுத்துவிட்டேன். முழங்கையில் ஒரு பழைய தழும்பு, தாமரை மொட்டு மாதிரி. இவன் தாய்க்குத் தெரிந்திருக்கும் எப்போது விழுந்தான் என்று. ரூபியின் தழும்புகள் எல்லாம் எனக்குத் தெரியும். இனிமேல் வருகிறவற்றில் பாதி அவருக்குத்தான் தெரியும்.

மேசைமேல் பல்ஜீத்தின் போன் அடித்தது. அவனைத் தூக்கி வந்தவர்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனது. திரையில் ஒரு பெண்ணின் படம், தலையில் முக்காடு, மூக்கைச் சுளித்துக்கொண்டு. அவன் பார்த்துவிட்டு அவசரமாகத் தலையை ஆட்டினான், எடுக்காதீர்கள் என்று. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை அடிக்கும்போது எனக்கே தாங்கவில்லை. "வீட்டுக்காரியா?" என்றேன். ஆமாம், சுமன், என்றான். "ஷிஃப்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள் சிஸ்டர்ஜி. விழுந்தேன் என்று தெரிந்தால் பயந்துவிடுவாள்." நான் எடுத்தேன். பொய் சொல்வதென்று நினைத்துத்தான் எடுத்தேன், லைட்டை அணைத்துப் பொய் சொல்லிப் பழகினவள்தானே. ஆனால் ஹலோ என்றதும் என் பொம்பளைக் குரலைக் கேட்டு அந்தப் பக்கம் ஒரு விநாடி அமைதி வந்தது பாருங்கள், அந்த அமைதியில் அவள் என்னென்ன நினைப்பாள் என்று எனக்குப் புரிந்து அவசரமாக, "நர்ஸ், நான் நர்ஸ், ஆஸ்பத்திரி, பல்ஜீத் நன்றாக இருக்கிறார், வெயில், விழுந்தார், இப்போது நன்று" என்று உளறிக் கொட்டிவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு அவன் காதருகே வைத்தேன். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு மழை. அந்த ஊர்ப் பேச்சு எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புரிய என்ன இருக்கிறது? தண்ணீர் குடித்தாயா, தலைக்குத் துணி கட்டினாயா, நான் சொன்னேனா இல்லையா, உனக்கு மூளை இருக்கிறதா, உன் அம்மா உன்னைச் செல்லம் கொடுத்துக் கெடுத்து என் தலையில் கட்டினாள், எல்லாம் அதில் இருந்தது. நடுவில் அழுதாள், அழுகையை நிறுத்தாமலே திட்டினாள், மூக்கை உறிஞ்சிவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பிடித்தாள். நான் பல்ஜீத்தைப் பார்த்தேன். பயப்படுவான் என்று நினைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வெயிலில் அலைந்துவிட்டு வந்து வேப்பமரத்தடியில் படுத்தவன் முகம் மாதிரி. அவள் ஒவ்வொரு தடவை குரலை உயர்த்தும்போதும் "ஹாங்" என்றான், "ஹாங் சுமன்" என்றான், அவ்வளவுதான். நான் ஊற்றின சலைன் செய்யாத வேலையை அவள் வாய் செய்துகொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையாகவே பொறாமை, நெஞ்சில் மிளகாய் தேய்த்த மாதிரி. என்னை யாரும் திட்டவில்லையே. வந்த நாளிலிருந்து யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லையே. எல்லோரும் நல்லா இருக்கீங்களா, சாப்ட்டீங்களா என்றுதானே கேட்கிறார்கள்.

அவர்கள் பேசட்டும் என்று போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, சொட்டு இறங்குகிறதை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, கதவுக்கு வெளியே வந்தேன். தகர அறைக்குப் பக்கவாட்டில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு நிழல். காற்று அடுப்பைத் திறந்த மாதிரி வந்து முகத்தில் விழுந்தது. கதவைத் திறந்தே வைத்து, அவன் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, வீட்டுக்குப் போன் போட்டேன். இந்த நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. அவர் உடனே எடுத்தார்.

"என்னட்டி? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. சும்மாதான் கூப்ட்டேன்."

"சும்மாவா? இந்த நேரத்துலயா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லங்க. நல்லாத்தான் இருக்கேன்."  அவர் மூச்சு கேட்டது. பின்னால் குக்கர் விசில் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எண்ணவில்லை என்று தெரிந்தது. "ஏங்க, நான் ஒண்ணு சொல்லுதேன், நீங்க ஒண்ணும் நினைக்கக் கூடாது. நான் இங்க அழவே இல்ல. ஒரு நாளும் அழல. நான் இங்க தூங்குதேன். படுத்தா விடியுற வரைக்கும் அசையாம தூங்குதேன். நல்லா திங்கேன். கரண்டெல்லாம் இருக்கு. நான்தான் லைட்ட அமத்திட்டுப் பேசுனேன், நீங்க மூஞ்சி தெளிஞ்சிருக்குன்னு சொன்னீங்கள்லா, அதான்."

 குக்கர் சத்தம் நின்றுவிட்டது, அடுப்பை அணைத்திருப்பார். அந்தச் சத்தமில்லாத நேரத்தில் நான் பதினோரு வருஷக் கல்யாணத்தையும் ஒரு தடவை சுற்றி வந்துவிட்டேன். அப்புறம் ஒரு மாதிரி இருமல் கேட்டது. இருமல் இல்லை. சிரிக்கிறார்.

"ஏசி சத்தம் கேட்டுச்சிட்டி" என்றார். "எனக்கென்ன காது செவிடா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"தூங்குதாளே, தூங்கட்டும்னுதான் கேக்கல." குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. "நீ டூட்டி முடிஞ்சு வரும்போது பைக்குல பின்னால உக்காந்து தூங்கிருவ, தெரியுமா? உன் நெத்தி என் முதுகுல டொக்கு டொக்குன்னு முட்டும். நான் ஒத்தக் கையால உன் கையப் பிடிச்சிக்கிட்டு, ஒத்தக் கையால ஓட்டிட்டு வருவேன். வீட்டு வாசல்ல வந்து நின்னா, நீ முழிச்சு, அதுக்குள்ள வந்தாச்சான்னு கேப்ப. எத்தன நாளு. ஒரு நாளைக்கு கை வழுக்கிச்சுன்னா என்ன ஆவும்னு எனக்கு ஈரக்கொலை நடுங்கும். இந்த வேலை வந்தப்ப நான் ஏன் போ போன்னு சொன்னேன்? உன்ன விரட்டவா?"

எனக்கு அது தெரியாது. கை பிடித்துக்கொண்டு ஓட்டினது எனக்குத் தெரியாது. அவர் முதுகு மட்டும் தெரியும், அதன் சூடு தெரியும், சட்டையில் டீசலும் பிள்ளைகளின் மிட்டாயும் கலந்த வாசம் தெரியும். மணல் கண்ணில் விழுந்தது. மணல்தான்.

"வீடு நல்லா போவுதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

"என்னத்தப் போவுது! உலைய வச்சிட்டு அரிசி போட மறந்து ரெண்டு தடவ பானை தீஞ்சாச்சு. உன் மகளுக்கு தலை சீவத் தெரியாம ஒரு பக்கம் கொம்பு மாதிரி நிக்கி. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்தா என்ன செய்யப் போறேனோ தெரியல. தெனமும் சாயங்காலம் வேன்ல ஏறி முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு, அம்மாட்ட போன்னு சொல்லுதா. நானும் இந்தா இருக்க ஏரல் வரைக்கும் ஓட்டுவேன். தூரம் ஜாஸ்தி மக்கா, மிச்சத்த நாளைக்குப் போவோம்னு சொல்லித் திருப்பிக் கூட்டிட்டு வருவேன். மறுநாளும் ஏரல்தான். அவளுக்கு இன்னும் ராஜஸ்தான் வரலன்னு மட்டும் தெரியுது."

"எங்கிட்ட பேசும்போது வாங்க போங்கன்னு பேசுதாளே!"

"நான்தான் சொல்லி வச்சேன். அம்மாட்ட அழக் கூடாது, அடம் பிடிக்கக் கூடாது, அம்மா அங்க ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதா, மரியாதையா நல்லா இருக்கீங்களான்னு கேளுன்னு."

நான் தகரத்தில் சாய்ந்தேன், முதுகு சுட்டது, விலகி நின்றேன். பேசக் கற்றுக் கொடுத்திருக்கிறார். உட்கார வைத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்திருப்பார், இவள் வேனில் ஏறி உட்கார்ந்த கோபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஒப்பித்திருக்கிறாள். நான் இங்கே இருட்டில் உட்கார்ந்துகொண்டு தலையைக் கலைத்துவிட்டுக் கொண்டிருந்திருக்கிறேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அழாமல் பார்த்துக்கொள்ளப் பட்டிருக்கிற பாடு!

"யாரு? அம்மாவா? என்ன சொல்லுதா?" என்று தூரத்தில் ரூபியின் குரல் கேட்டது.

அவர் வேண்டுமென்றே செய்தாரா, வாய் தவறியதா தெரியவில்லை. "அம்மா அங்க நல்லா தூங்குதாளாம்" என்றார்.

 அப்புறம் போன் கை மாறுகிற சத்தம், எதுவோ கீழே விழுகிற சத்தம். அப்புறம் என் காது கிழிந்தது.

"நான் இல்லாம நீ எப்படித் தூங்குன?"

"ரூபி..."

"எப்படித் தூங்குன? யாரைக் கேட்டுத் தூங்குன? எனக்கு இங்க தூக்கமே வரல, அப்பா கதையே சொல்லத் தெரியல, எல்லாக் கதையிலயும் வேன் வருது, நீ மட்டும் அங்க தூங்குவியா? நீ தூங்கக் கூடாது! கண்ண முழிச்சிக்கிட்டே இருக்கணும்! தூங்குனா நான் உன்கிட்ட பேச மாட்டேன், நீ வந்தா கதவத் தொறக்க மாட்டேன், உன் தலகாணிய எடுத்து நான் வச்சிக்குவேன், தர மாட்டேன்!"

நீ என்றாள். எத்தனை நீ! பின்னால் அவர், "ஏ, மரியாதையா பேசு" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுச் சிரிப்பதும் கேட்டது. எனக்கு மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒழுகியது, துண்டு உள்ளே பல்ஜீத்தின் நெற்றியில் கிடந்தது, யூனிஃபார்ம் கையால் துடைத்தேன். கதவு வழியாகப் பார்த்தேன். பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம், இன்னும் நேரம் இருக்கிறது. அவன் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான், அதிலிருந்து சுமனின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. காற்று மணலை வாரி எங்கள் தகரச் சுவரில் அடித்தது. நான் போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்து, மற்றக் காதைக் கையால் மூடிக்கொண்டேன்.

ரூபி மூச்சு வாங்க நிறுத்தினாள். முடியவில்லை, இன்னும் நிறைய இருக்கிறது என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது.

"திட்டு மக்கா" என்றேன். "நான் இங்கதான் நிக்கேன். நீ திட்டு."